சொல்லைத் தின்பது இரைச்சலா, நெரிசலா?

நடுவர் அவர்களே, ஹட்டன் சபையோரே, வணக்கம்.

சிந்தசைசர் என்ற மின்னிசைக் கருவி மலிவானதும், ஒரு கசெட்டும் சேர்ந்தால் கவிதை வாழுமா, சாகுமா? இதுதான் தலைப்பு. வாழும் என்பது எங்கள் அணி. "கசெட் இரைச்சலில் சொல் செத்துப்போகும், நல்ல ஸ்டூடியோவுக்குப் போங்கள்" என்றார் எதிரணித் தலைவர். ஐயா, கசெட் இரைச்சல் நம்ம மலைச் சாரல் மாதிரி. ஒரே சீராக இருப்பதால் கொஞ்ச நேரத்தில் காது அதை மறந்துவிடும். சொல்லைத் தின்பது, பல ஒலிகள் ஒன்றின்மேல் ஒன்று விழும் நெரிசல்!

நியூயோர்க்கின் சூசைட் என்ற இசைக்குழுவில் இருவர்தான்: கருவிக்கு மார்ட்டின் ரெவ், குரலுக்கு அலன் வேகா. 1977இல் வந்த முதல் இசைத்தட்டில் கிட்டாரும் இல்லை, டிரம்ஸ்காரரும் இல்லை. குரலுக்கு இடம் தாராளம்.

1979இல் வந்த டாஸ்காம் போர்ட்டாஸ்டூடியோ என்ற பதிவுக் கருவி சாதாரண கசெட்டிலேயே நான்கு தடம், அதாவது தனித்தனியாகப் பதியும் நான்கு வரிசை, தந்தது. நாடா இரட்டை வேகத்தில், ஒரே பக்கமாக ஓடுவதால் 60 நிமிடக் கசெட்டில் கிடைப்பது 15 நிமிடம். தாளப்பெட்டிக்கு ஒரு தடம், தாழ்ந்த ஒலியான பேஸுக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று. நான்காவதை நிரப்பக் கை துறுதுறுக்கும். விட்டுவிடுங்கள். இடம் போதவில்லையென்று மூன்று தடங்களை ஒன்றாக்கி மறுபதிவு செய்தால் இரைச்சல் ஏறும், உச்ச ஒலி மங்கும், முதலில் காணாமற்போவது வல்லினம். வல்லினம் போன தமிழ்க் கவிதையில் என்ன மிஞ்சும்?

பேஸின் ஃபில்டரை, அதாவது உச்ச ஒலியை வெட்டும் குமிழை, 500 ஹேர்ட்ஸ் அளவுக்கு மூடுங்கள். மெய்யெழுத்துத் தெளிவு பெரும்பாலும் 2,000 முதல் 4,000 வரையில் கிடக்கிறது; அங்கே வேறெதுவும் நுழையக்கூடாது. மைக்கை வாய்க்கு ஒரு சாண் தள்ளி, சற்றுச் சாய்த்து வையுங்கள். நேரே வைத்தால் 'ப' வெடிக்கும்.

"அந்தப் பழைய சிந்தசைசர் சுருதி நிற்காது" என்றார்கள். தப்பு மேளத்தைக் காய்ச்சாமல் அடிப்போமா? நுவரெலியாக் குளிரில் அனலொக் கருவியைப் போட்டவுடன் சுருதி நகரத்தான் செய்யும். அரை மணி நேரம் சூடேற விட்டுப் பிறகு சுருதி கூட்டுங்கள்.

எதிரணியார் இங்கே போட்டுக்காட்டிய பாட்டில் சொல் விளங்கவில்லை, உண்மை. தாளம் நிமிடத்துக்கு 120 தட்டு, சீருக்கு ஒரு தட்டு, குரலில் அரைச் செக்கன் எக்கோ. கணக்குப் பாருங்கள், ஒரு தட்டும் அரைச் செக்கன்தான்! ஒவ்வொரு சீரின் மேலும் முந்திய சீர் வந்து விழுகிறது. எக்கோ, தடங்களைக் கலக்கும்போது சேர்ப்பது, தடத்தில் பதிந்ததல்ல. குமிழை 100 மில்லிசெக்கனுக்குத் திருப்பி, ஒரே ஒரு திரும்பல் வைத்து, அதே கசெட்டை மறுபடி போடச் சொல்லுங்கள் நடுவரே.