வீக்கம் வற்றினாலும் விலை இறங்காது

அவையோர்க்கு வணக்கம். செய்திகளில் நாள்தோறும் அடிபடும் ஒரு சொல்லை இன்று பிரித்துப் பார்ப்போம்: பணவீக்கம்.

‘பணவீக்கம் குறைந்தது’ என்று தலைப்புச் செய்தி வந்த மறுநாள், சிங்கப்பூரின் தேக்காச் சந்தையில் வெங்காயம் வாங்குகிறவர், “எங்கே குறைஞ்சிருக்கு?” என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. குழப்பத்துக்குப் பாதிக் காரணம் சொல்லிலேயே இருக்கிறது. காலில் வீக்கம் வற்றினால் கால் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். பணவீக்கம் வற்றினால் விலை பழைய இடத்துக்கு வராது. அந்தச் சொல் குறிப்பது விலை ஏறும் வேகத்தை. வேகம் தணிந்தாலும் ஏற்றம் ஏற்றம்தான்.

கணக்கைப் பாருங்கள். சிங்கப்பூரின் ஒட்டுமொத்தப் பணவீக்கம் 2022இல் 6.1 விழுக்காடு, 2023இல் 4.8 விழுக்காடு. குறைந்ததுதான். ஆனால் 2021இல் 100 வெள்ளிக்கு (வெள்ளி என்பது சிங்கப்பூர் டாலர்) நிரம்பிய கூடைக்கு 2022இல் 106 வெள்ளி 10 காசு ஆயிற்று. 2023இல் ஏறத்தாழ 111 வெள்ளி 20 காசு. இரண்டு விழுக்காட்டையும் வெறுமனே கூட்டி 10.9 என்று எழுதுவது பலர் செய்யும் பிழை. இரண்டாம் ஆண்டின் 4.8, 106 வெள்ளி 10 காசின் மேல் ஏறுகிறது. பொதுவாக விலைகளே இறங்கினால் அதற்கு வேறு பெயர்: பணவாட்டம்.

அடுத்த சிக்கல், எந்தப் பணவீக்கம் என்பது. சொந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குடியிருப்பவர் வாடகை கொடுப்பதில்லை. ஆனாலும் அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் எவ்வளவு வரும் என்று மதிப்பிட்டு, அதையும் பணவீக்கத்தை அளக்கும் பயனீட்டாளர் விலைக் குறியீட்டில் சேர்க்கிறார்கள். வாடகைச் சந்தை சூடுபிடித்தால், அவர் கையிலிருந்து ஒரு காசு போகாமலே குறியீடு ஏறும். கார் வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழின் கட்டணமும் அப்படித்தான். கார் வாங்காத குடும்பத்தை அது நேராகத் தொடாது. ஆகவே சிங்கப்பூரின் மத்திய வங்கியான நாணய ஆணையம் தங்குமிடச் செலவையும் தனியார் போக்குவரத்துச் செலவையும் நீக்கி, மூலாதாரப் பணவீக்கத்தைத் தனியே தருகிறது. 2023 ஜனவரி, பிப்ரவரியில் 5.5 விழுக்காட்டைத் தொட்டது இந்த எண். உணவையும் எரிசக்தியையும் நீக்கிய எண் இது என்று சிலர் எழுதுகிறார்கள். அது அமெரிக்க வழக்கம். இங்கே சாப்பாடு கணக்கில் உண்டு. சொந்த வீட்டுக்காரரின் அன்றாடச் செலவைப் பேச இதுவே பொருத்தமான எண் என்பேன். வாடகைக்கு இருப்பவருக்குப் பொருந்தாது. அவருடைய பெருஞ்செலவே இதில் இல்லை.

ஒரு பொருளின் விலை ஏறினால் அது விலையேற்றம். 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது இங்கே கோழிக்கு நேர்ந்தது அதுதான். பணவீக்கம் என்று சொல்ல, ஏற்றம் பல பொருள்களில் பரவித் தொடர வேண்டும்.

வரியைக் கவனியுங்கள். பொருள் சேவை வரி 2023 ஜனவரியில் 7இலிருந்து 8 விழுக்காடானது. 2024 ஜனவரியில் 9. வரியோடு 107 வெள்ளியாக இருந்தது 108 ஆனால் ஏற்றம் 0.93 விழுக்காடு. பன்னிரண்டு மாதம் கழிந்ததும் அந்த ஏற்றம் ஆண்டு ஒப்பீட்டிலிருந்து உதிர்ந்துவிடும். எண் இறங்கும், ரசீதில் வரி அப்படியே நிற்கும். 2021 அக்டோபரிலிருந்து ஓராண்டில் நாணய ஆணையம் ஐந்து முறை நாணயக் கொள்கையை இறுக்கியதே, அதுவும் வெள்ளியின் மாற்று மதிப்பை வலுப்படுத்தி, இறக்குமதிச் செலவைக் கட்டுப்படுத்தி, ஏற்றத்தின் வேகத்தைத் தணிக்கத்தான்.

சம்பளம் பேசப் போகிறவர் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2023இல் 3 விழுக்காடு உயர்வு கிடைத்தவர், 1.03ஐ 1.048ஆல் வகுக்கட்டும். 0.983 வரும். சம்பளச் சீட்டில் தொகை கூடியிருந்தாலும், வாங்கும் சக்தி சுமார் 1.7 விழுக்காடு கரைந்திருக்கிறது. ‘பணவீக்கத்துக்கு ஏற்ற உயர்வு’ என்று முதலாளி சொன்னால், ஒட்டுமொத்தமா, மூலாதாரமா, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று கேளுங்கள்.