பரிசை எதற்குக் கொடுக்கிறீர்கள்?

வணக்கம். மீன்பிடிப் போட்டி நடத்துகிறவர்கள், நடுவர்கள், படகோட்டிகள், தூண்டிலோடு வந்து கலந்துகொள்கிறவர்கள் என எல்லாரும் கலந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், கையில் ஆளுக்கொரு விதிமுறைப் புத்தகமும் இருக்கிறது. அதன் முதல் பக்கத்தில் 'மீன் வளம் காப்போம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதை விட்டுவிடுங்கள், அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு யாரும் தண்ணீரில் இறங்குவதில்லை. உள்ளே புள்ளி எப்படிப் போடுவார்கள் என்று ஒரு பக்கம் இருக்குமே, முந்தின ராத்திரி போட்டியாளர் கண்விழித்துப் படிப்பது அதைத்தான். மீன் பிழைப்பதும் சாவதும் அந்தப் பக்கத்தில்தான் முடிவாகிறது. நான் இன்று பேச வந்ததும் அதைப் பற்றித்தான்.

மீனை உயிரோடு கொண்டுவந்து எடைபோட்டுத் திருப்பி விடும் போட்டிகளில் நான் சில வருஷம் எடை மேசையில் நின்றவன். மத்தியான வெயில், பையில் மீனை வைத்துக்கொண்டு ஒரு நீள வரிசை, மேடையில் மைக்கில் ஒருவர் விடாமல் பேசிக்கொண்டிருக்கிறார். ஒருவர் கொண்டுவந்த பையில் மீன் ஒருக்களித்துக் கிடந்தது. அவர் பையை மெதுவாகக் குலுக்கினார், வால் ஒருமுறை ஆடியது, நானும் 'உயிருடன்' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். விதிப்படி சரிதான், வால் ஆடினால் உயிர் இருக்கிறது என்றுதான் எழுதியிருந்தோம். அப்புறம் அந்த மீனைத் தண்ணீரில் விட்டார்கள், அது நீந்திப் போனது, எல்லாரும் கை தட்டினார்கள். மறுநாள் காலை கூடாரத்தைப் பிரிக்கப் போனபோது கரையோரப் புல்லில் வெள்ளை வயிறுகள் ஒதுங்கிக் கிடந்தன. எத்தனை என்று நாங்கள் எண்ணக்கூட இல்லை. அந்தப் போட்டியின் கணக்கில் செத்த மீன் இரண்டே இரண்டு.

நீந்திப் போன மீன் எப்படிச் சாகும் என்று கேட்பீர்கள். தூண்டிலில் போராடும்போது மீன் மூச்சிரைக்க ஓடுகிறவனைப் போல ஆகிவிடுகிறது, தசையிலும் ரத்தத்திலும் அமிலம் ஏறுகிறது, அது இறங்க நிறைய ஆக்சிஜன் வேண்டும். சரியாக அந்த நேரம் பார்த்து நாம் அதைத் தண்ணீரை விட்டு வெளியே தூக்குகிறோம். காற்றில் செவுளின் மெல்லிய இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, மூச்சு நின்றுவிடுகிறது. 1992இல் கனடாவில் வானவில் ட்ரவுட் மீன்களை வைத்துச் செய்த ஒரு சோதனை வெளியானது. களைக்கும்வரை துரத்திவிட்டு அப்படியே விட்ட மீன்களில் 12 சதவீதம் 12 மணி நேரத்துக்குள் செத்தன. துரத்திவிட்டு 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 38 சதவீதம், ஒரு நிமிஷம் வைத்தவற்றில் 72 சதவீதம். எல்லா மீனும் ட்ரவுட் அல்ல, சில இனங்கள் ரொம்பக் கெட்டியானவை, ஆனால் ஒரு நிமிஷம் என்பது ஒரு போட்டோவுக்குச் சிரித்து, சரியாக வரவில்லை என்று இன்னொன்று எடுக்கும் நேரம்தான்.

வெயில் அடுத்த எதிரி. 20 டிகிரித் தண்ணீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும், 30 டிகிரியில் ஏழரைதான். அதே சூட்டில் மீனுக்குத் தேவையோ கூடுகிறது. வரவு குறைந்து செலவு கூடினால் குடும்பம் என்ன ஆகும்? படகிலுள்ள தொட்டியில் ஐந்து பெரிய மீனை அடைத்து, பம்பை அணைத்து வைத்து, எடை மேசைக்கு வரும்போது மட்டும் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பேட்டரி தீர்ந்துவிடுமாம்.

உயிரோடு திருப்பி விடும் பழக்கம் போட்டிகளில் பரவியதற்கு அமெரிக்காவின் ரே ஸ்காட் ஒரு முக்கியக் காரணம். 1972இல் தன் பாஸ் மீன் போட்டிகளில் 'பிடித்ததைக் கொல்லாதே' என்று கொண்டுவந்தார், படகில் காற்றூட்டும் தொட்டி வைப்பது அதன்பின் வழக்கமானது. அதற்கு முன் செத்த மீன்களைக் கோத்துத் தொங்கவிட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் எடை மேசை அப்படியே இருந்துவிட்டது, மீனை நாள் முழுக்கச் சுமந்து ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து ஆக வேண்டியிருந்தது. விட்ட இடத்திலேயே பல மீன்கள் வாரக்கணக்கில் சுற்றிக்கொண்டிருப்பதும் உண்டு, தங்கள் பழைய இடத்துக்கு அவை உடனே திரும்பிப் போய்விடுவதில்லை.

அதனால்தான் சொல்கிறேன், எடைக்குப் பதில் நீளத்துக்குப் புள்ளி கொடுங்கள். பிடித்த இடத்திலேயே அளந்து, படமெடுத்து, அங்கேயே விட வேண்டும். கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகில் நடக்கும் போட்டிகளில் இது இப்போது சாதாரணம். ஆனால் அதிலும் வரிசை முக்கியம், என் விதிப் புத்தகத்தில் இதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குவேன். மீன் கைவலையில், தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். முதலில் அளவுப் பலகையை நனையுங்கள், வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் தோசைக்கல் மாதிரி சுடும். அன்றைக்குக் காலையில் கொடுத்த அடையாள அட்டை மணிக்கட்டில் இருக்கிறதா, போனில் கேமரா திறந்திருக்கிறதா பாருங்கள். எல்லாம் தயாரான பிறகு கையை நனைத்துக்கொண்டு மீனைத் தூக்குங்கள், வாய் மூடி மூக்கு பலகையின் தடுப்பில் முட்ட, வால் கோட்டின் மேல் படிய, ஒரே படம், உடனே தண்ணீர். அடையாள அட்டை தெரியாத படத்துக்குப் புள்ளி கிடையாது, ஏனென்றால் அந்த மீன் போன வாரத்து மீனாகவும் இருக்கலாம்.

ஏமாற்ற மாட்டார்களா என்றால், எடை வைத்தால் மட்டும் ஏமாற்றாமலா இருக்கிறார்கள்? 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் ஈரி ஏரியில் நடந்த வாலாய் மீன் போட்டியில், ஜெயித்ததாக அறிவிக்க இருந்த மீன்களின் வயிற்றை எல்லார் முன்னாலும் அறுத்துப் பார்த்தபோது ஈயக் குண்டுகள் விழுந்தன, கூடவே வேறு மீனின் சதைத் துண்டுகளும். அது நீதிமன்றம் வரை போய்த் தண்டனையில் முடிந்தது. நீளத்தில் ஈயத்துக்கு வேலையில்லை.

இன்னொரு முக்கியமான விஷயம், 'மிகப் பெரிய மீன்' பரிசு. மேடைக்கு அழகான பரிசுதான், ஆனால் மீனைக் கொன்று எடைபோடும் போட்டியில் அதைவிட மோசமான பரிசு இல்லை. பெரிய தாய் மீன் என்பது பல சின்ன மீன்களுக்குச் சமம் என்று நாம் மனக்கணக்குப் போடுகிறோம், உண்மை அதற்கும் மேலே போகிறது. அட்லாண்டிக் காட் மீனில் 30 கிலோ எடையுள்ள ஒரே ஒரு தாய், 2 கிலோ மீன்கள் 28 சேர்ந்து இடுவதைவிட அதிக முட்டை இடும். அந்த 28இன் மொத்த எடையோ 56 கிலோ. மீனை எடுத்துக்கொண்டுதான் போவோம் என்கிற போட்டியாக இருந்தால், கீழ் அளவு வைப்பது போல மேல் அளவும் வையுங்கள், அதற்கு மேற்பட்டதைத் திருப்பி விடுகிறவருக்கு அதிகப் புள்ளி கொடுங்கள்.

காலத்தைப் பற்றி. விரால் பிடித்தவர்களுக்குத் தெரியும், செக்கச் சிவந்த குஞ்சுக் கூட்டம் தண்ணீர் மேல் கொப்பளித்து வரும்போது பெற்ற மீன் அடியிலேயே காவல் நிற்கும். எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும், பசிக்காக அல்ல. அதைத் தூக்கி அளந்து, பத்து நிமிஷம் கழித்து மிகக் கவனமாகத் திருப்பி விட்டாலும் குஞ்சுகளை அதற்குள் மற்றவை பொறுக்கிவிட்டிருக்கும். பாஸ் மீனும் அப்படித்தான், ஆண் மீன் கூட்டைக் காக்கும். இப்படிக் குஞ்சு காக்கும் மாதங்களில் போட்டி வைக்காதீர்கள், அவ்வளவுதான். உள்ளூர் மீன்வளத் துறை அந்தத் தேதிகளைச் சொல்லும்.

வெப்பத்துக்கும் வரம்பை முன்கூட்டியே எண்ணாகப் புத்தகத்தில் அச்சடித்துவிடுங்கள், அன்றைக்கு வந்து பார்த்து முடிவு செய்யலாம் என்றால் விளம்பரம் கொடுத்தவர் பக்கத்தில் நிற்கும்போது யாருக்கும் வாய் வராது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ட்ரவுட் ஆறுகள் தொடர்ந்து மூன்று நாள் சுமார் 23 டிகிரியைத் தொட்டால், மதியம் 2 மணியிலிருந்து நள்ளிரவு வரை தூண்டில் போடத் தடை விதிக்கிறார்கள். உங்கள் மீனுக்கு எண் வேறாக இருக்கும். விடியலில் தொடங்கி வெயில் ஏறும் முன் முடிப்பது எல்லா மீனுக்கும் நல்லது.

கடலில் ஆழத்தில் பிடிப்பவர்களுக்கு ஒரு சொல். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு, அங்கிருந்து சரசரவென்று இழுத்தால் மீனின் காற்றுப்பை உப்பி, கண் பிதுங்கி, இரைப்பை வாய்வழியே வெளியே தள்ளும். வெளியே தள்ளியது இரைப்பை, அதைக் குத்தி ஓட்டை போடாதீர்கள். எடை கட்டி மீனை மறுபடி ஆழத்துக்கு இறக்கும் கருவி இருக்கிறது, அது இல்லாத படகைப் புறப்படவே விடக்கூடாது.

தூண்டில் முள், மற்ற சாமான்கள் பற்றிச் சுருக்கமாக: இயற்கை இரைக்கு வட்ட முள், அது பெரும்பாலும் வாய் ஓரத்தில்தான் மாட்டும், குடலில் அல்ல. ஆழமாக விழுங்கிவிட்டால் தூண்டில் நூலை வெட்டி விடுங்கள், பிடுங்க வேண்டாம். முடிச்சில்லாத ரப்பர் வலையே போதும். ஓரிடத்துக் களையும் நோயும் அடுத்த இடத்துக்குப் போகாமலிருக்க, படகை வேறு நீர்நிலைக்குக் கொண்டுபோகும் முன் கழுவி, வடித்து, காய வையுங்கள்.

சிலர் கேட்பார்கள், விளையாட்டுக்காகப் பிடித்து விடுவதே கொடுமைதானே என்று. சுவிட்சர்லாந்தில் திருப்பி விடும் எண்ணத்தோடு மீன் பிடிப்பதைச் சட்டமே தடுக்கிறது, ஆகவே முதலில் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். எனக்கு அந்தக் கேள்விக்கு முழுப் பதில் இல்லை. போட்டி நடக்கத்தான் போகிறது என்றால் எப்படி நடக்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த பாதி.

கடைசியாக, 'வால் ஆடினால் உயிர்' என்ற விதியை எடுத்துவிட்டோம். இப்போது போட்டிக்கு மறுநாள் காலை நடுவர்கள் இரண்டு பேர் கரையோரம் முழுக்க நடந்து ஒதுங்கிய மீன்களை எண்ணுகிறார்கள், அதன் பிறகுதான் முடிவு அறிக்கை வெளியாகும். கேள்விகள் இருக்கும், முதல் கேள்வி அளவுப் பலகைக்கு யார் காசு கொடுப்பது என்றுதான் வரும். நுழைவுக் கட்டணத்தில் சேர்த்துவிடுங்கள்.