வேலை முடிந்தால் விட்டுவிடுங்கள்
(சிறுதொழில் செய்வோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, இந்தக் கூட்டத்துக்காக ஓடி ஓடி வேலை பார்த்த செயலாளர் அவர்களே, மாதக் கடைசி நெருக்கடியிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வங்கி மேலாளர் அம்மா அவர்களே, எனக்கு முன்பு பேசி ஜிஎஸ்டியைக்கூடக் கேட்கும்படி சொன்ன ஆடிட்டர் ஐயா அவர்களே, கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் என் மாலை வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் தந்த மகளிர் அணியினருக்குத் தனியாக ஒரு நன்றி.

ஊழியர்களிடம் நல்லபடியாக வேலை வாங்குவது எப்படி என்பதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. இதற்கு மூன்று கம்பெனிகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். டண்டர் மிஃப்ளின், லூமன், பைட் பைப்பர். மூன்றும் டிவி தொடர்களில் மட்டுமே இருப்பவை. ஆனால் எந்த நிஜக் கம்பெனியும் நம்மை இவ்வளவு தூரம் உள்ளே விட்டுப் பார்க்கச் சொல்லாது.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்பார்கள். எந்த மேடையிலும் நான் இதைச் சொல்லாமல் இறங்கியதில்லை.

முதலில் டண்டர் மிஃப்ளின். 2001இல் பிபிசியில் வந்த ‘தி ஆபீஸ்’ தொடரை அமெரிக்காவுக்கு ஏற்றபடி மாற்றி, 2005 முதல் 2013 வரை என்பிசி ஒளிபரப்பியது. பென்சில்வேனியாவில் ஸ்க்ராண்டன் என்ற ஊர். அங்கே காகிதம் விற்கும் டண்டர் மிஃப்ளின் கம்பெனியின் ஒரு கிளை. மேலாளர் பெயர் மைக்கேல். அவருக்கு அடுத்த இடம் தனக்குத்தான் என்று நினைக்கும் விற்பனையாளர் ட்வைட்.

2009இல் வந்த ஒரு கதையைக் கேளுங்கள். தீ விபத்து வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ட்வைட் வகுப்பு எடுக்கிறார். யாரும் காதில் வாங்கவில்லை. சரி, அனுபவித்தால்தான் புரியும் என்று முடிவு கட்டுகிறார். கதவுகளை அடைத்து, கைப்பிடிகளைச் சூடேற்றி, குப்பைத்தொட்டியில் நெருப்பும் வைத்துவிடுகிறார். புகை வருகிறது. கைப்பிடியைத் தொட்டால் சுடுகிறது. ஒருவர் மேல்கூரைப் பலகையைத் தள்ளி உள்ளே ஏறுகிறார். ஒரு பெண் ஆபீசுக்குள் ஒளித்து வைத்திருந்த பூனையை அவரிடம் தூக்கிப் போடுகிறாள். அது கூரையின் இன்னொரு பக்கத்தை உடைத்துக்கொண்டு கீழே விழுகிறது. இன்னொருவர், கிடைத்தது சமயம் என்று தின்பண்ட மிஷினை உடைக்கிறார்! கடைசியில் ட்வைட், இது வெறும் பயிற்சிதான் என்கிறார். அதற்குள் ஸ்டான்லி என்ற மூத்த ஊழியர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிடுகிறார். மாரடைப்பு.

அப்புறம் நடப்பதுதான் முக்கியம். ஸ்டான்லி உயிர் பிழைத்து வேலைக்குத் திரும்புகிறார். கையில் ஒரு சின்னக் கருவி. மனம் பதறினால் அது ஒலி எழுப்பும். எல்லோரையும் அமைதிப்படுத்துகிறேன் என்று மைக்கேல் தியானம் நடத்துகிறார். ஸ்டான்லியின் பக்கம் வருகிறார், கருவி கத்துகிறது. பின்னால் நகர்கிறார், அடங்குகிறது. மறுபடி கிட்டே போகிறார், மறுபடி கத்துகிறது. அந்த மனுஷனின் நெஞ்சுவலிக்குக் காரணம் நெருப்பு மட்டும் இல்லை, முதலாளி ஸ்தானத்தில் நிற்கும் தானும்தான் என்று மைக்கேலுக்கு அப்போதுதான் உறைக்கிறது.

நாளைக் காலை உங்கள் பட்டறைக்குள் நீங்கள் நுழையும்போது எத்தனை பேர் நெஞ்சில் அந்தக் கருவி கத்தும்? தயவுசெய்து யோசித்துப் பாருங்கள். ஆடிக் கறக்க வேண்டியதை அதட்டிக் கறந்தால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும்.

அடுத்தது லூமன். 2022இல் ஆப்பிள் டிவியில் வந்த ‘செவரன்ஸ்’ தொடரின் கம்பெனி. ஊழியரின் மூளையில் ஒரு சிப் வைக்கிறார்கள். லிஃப்டில் கீழே வேலைக்குப் போனால் வீட்டு நினைவு போய்விடும், மேலே வந்தால் வேலை நினைவு போய்விடும். திரையில் எண்களைப் பொறுக்கிப் பிரிக்கிறார்கள், எதற்கென்று தெரியாது. நன்றாகச் செய்தால் வாஃபிள் விருந்து. ஒருநாள் டிலன் என்ற ஊழியர் ஒரு அட்டையை எடுத்து மறைத்துவிடுகிறார். அது எங்கே என்று கேட்பதற்காக, வீட்டில் இருக்கும் அவரை மேற்பார்வையாளர் அலமாரி அறைக்குள் வைத்து வேலை நினைவுக்குத் திருப்புகிறார். அந்த நேரம் பார்த்து ஒரு குழந்தை ஓடிவந்து கட்டிக்கொள்கிறது. தனக்கு ஒரு மகன் இருப்பதே டிலனுக்கு அப்போதுதான் தெரிகிறது.

நம் ஊரில் இதற்குச் சிப்பு வேண்டாம், செல்போன் போதும். இரவு ஒன்பதரைக்குக் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும் பெண், பிசைந்த கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுக்கிறாள். “அந்த சிவகாசி பார்ட்டி பில்லை எங்கேம்மா வெச்சே?” காலையில் கேட்டால் என்ன குடி முழுகிவிடும்?

பிரான்சில் 2017இலேயே இதற்கான சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. வேலை நேரத்துக்குப் பிறகு வரும் அழைப்பை நியாயமான அளவில் மறுக்கும் உரிமை ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் வந்தது. பதினைந்து பேருக்கும் குறைவாக வேலை பார்க்கும் சின்ன நிறுவனங்களுக்கும் 2025 ஆகஸ்டிலிருந்து அது பொருந்தும். அதனால் “நாங்கள் சிறுதொழில், எங்களால் முடியாது” என்று யாரும் சொல்ல வேண்டாம். நம் மக்களவையில் சுப்ரியா சுலே அவர்கள் 2018இல் தனிநபர் மசோதாவாக இதைக் கொண்டுவந்தார். சட்டமாகவில்லை. சட்டம் வரும்வரை நாம் ஏன் காத்திருக்க வேண்டும்?

அவசரம் வரும், மறுக்கவில்லை. ராத்திரி மெஷின் நின்றால் யாரையாவது கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். அதற்கு முறைவைத்து ஒருவரை நியமியுங்கள், படி கொடுங்கள். மற்றவர்களை விட்டுவிடுங்கள். ஆடியும் பாடியும் கறந்தவரும் கன்றுக்குக் கொஞ்சம் பால் விட்டுத்தான் எழுந்திருப்பார்.

மூன்றாவதாகச் சொன்ன, ‘சிலிக்கான் வேலி’ தொடரில் வரும் பைட் பைப்பர் பற்றிப் பேச நேரம் இல்லை. தலைவர் அவர்கள் பொறுமையாக இடம் கொடுத்ததே பெரிது.

வாசல் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். இரவு ஏழு மணிக்கு மேல் ஊழியரை வேலைக்காகக் கூப்பிட மாட்டேன் என்று ஒப்புக்கொள்பவர்கள் கடைப் பெயரோடு கையெழுத்துப் போடுங்கள். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும் என்று தலைவர் அவர்களையும் செயலாளர் அவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். வங்கி மேலாளர் அம்மா முதல் கையெழுத்தைப் போட்டால் எங்களுக்குப் பெருமை. நன்றி, வணக்கம்.