பின்னுக்கு 180, குரியருக்கு 450: கமடோர் 64 பிழைத்துக்கொண்டது

வணக்கம் உறவுகளே! முதலில் திரையைப் பாருங்கள். 38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ! நீலம் வந்துவிட்டது. போன வீடியோவில் இதே கமடோர் 64, அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர், கறுப்புத் திரையோடு கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு என் சந்தோஷம் புரியும்.

கோளாறு பிஎல்ஏ சிப்பில்தான். 6510 ப்ராசசர் ஒரு முகவரியைக் கேட்டால், பதில் சொல்ல வேண்டியது ரேமா, ரோமா, ஒலி சிப் போன்ற மற்றச் சிப்களா என்று தீர்மானிப்பது அதுதான். அதைக் கழற்றி என்னுடைய நல்ல மெஷினில் போட்டேன், அதுவும் கறுத்துப்போனது. சந்தேகம் தீர்ந்தது. 1982இல் வந்த மெஷின் இது. வெளிநாட்டில் யாரோ கழற்றிய பழைய சிப்பை வரவழைக்கலாம்தான். ஆனால் அதுவும் அத்தனை வருடம் சூட்டில் வெந்ததுதானே? எனக்கு அதில் நம்பிக்கையே இல்லை.

அதனால் நானே செய்துவிட்டேன். பிஎல்ஏவுக்கு 16 உள்ளீடு, 8 வெளியீடு. 27சி512 ஈப்ரோம் என்பது டேட்டாவை எழுதி, புற ஊதா ஒளியால் அழித்து, மறுபடி எழுதக்கூடிய மெமரி சிப். அதற்கு 16 முகவரிக் கால், 8 டேட்டா கால். 65536 சேர்க்கைக்கும் உரிய விடையை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டால், ஈப்ரோமே பிஎல்ஏ வேலையைப் பார்க்கும். இதை முதல்முறை புரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை! இரண்டுக்கும் 28 கால். 5 வோல்ட் 28இல், கிரவுண்ட் 14இல், அதுவும் ஒன்றே. மற்றக் கால்கள் இடம் மாறியிருப்பதால் நடுவில் ஒரு சின்ன போர்டு வேண்டும். லேசர் பிரின்ட்டை அம்மாவின் அயர்ன் பெட்டியால் செப்புப் போர்டில் ஒட்டி, வேண்டாத செப்பைக் கரைக்கும் பெரிக் குளோரைடில் போட்டு எடுத்தேன்.

அந்தப் போர்டை மெஷினின் சாக்கெட்டில் செருக உலோகப் பின்கள் வேண்டும், இனிமேல்தான் அந்தக் கதை. ஹட்டன் டவுனில் கிடைத்தது சதுரப் பின் மட்டும்தான். அது 0.64 மில்லிமீட்டர் தடிப்பு. அதைப் பழைய சாக்கெட்டில் குத்தினால் உள்ளே இருக்கும் தகடு விரிந்துவிடும், பிறகு எந்தச் சிப்பும் இறுக்கமாக நிற்காது. தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். மெல்லிய வட்டப் பின்தான் வேண்டும். கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு கடையில் இருந்தது, 180 ரூபாய். எங்கள் கொட்டகலைக்கு அனுப்ப குரியர் 450 ரூபாய்! ஒரு சின்னக் கவரில் அடங்கும் பொருள் இது. “நாளைக்கே வரும்” என்றார்கள், மூன்று நாள் ஆனது. ரயிலேறிப் போகலாம் என்றால் ஒரு நாள் முழுதும் போய்விடும். கொடுத்துத்தான் ஆகவேண்டும், ஆனாலும் அந்த 450 இன்னும் வயிற்றெரிச்சல்தான்.

ஐயோ, ஈப்ரோமை அழித்த கதையைச் சொல்லவே இல்லையே. அது பாவித்த சிப், உள்ளே பழைய டேட்டா இருந்தது. வெயிலில் வைத்தால் சில நாளில் அழியும் என்பார்கள். தென்மேற்கு மழை நேரத்தில் கொட்டகலையில் வெயிலுக்கு எங்கே போவது? ஜன்னல் ஓரம் நான்கு நாள் வைத்தேன், மூடுபனிதான் வந்து பார்த்துவிட்டுப் போனது. கடைசியில் தண்ணீர் ஃபில்டருக்குப் போடும் புற ஊதா டியூபைப் பிஸ்கட் டின்னுக்குள் பொருத்தி, மூடியை இறுக்கி, 20 நிமிடம். சுத்தமாக அழிந்தது. அந்த வெளிச்சம் கண்ணில் படவே கூடாது, மூடியைத் திறப்பதற்கு முன் பிளக்கைக் கழற்றுங்கள். எழுதி முடித்ததும் சிப்பின் கண்ணாடி ஜன்னலில் டேப் ஒட்டித் தேதி எழுதினேன், நான் எல்லாவற்றிலும் எழுதுவதுதானே.

இன்னொன்று. பழைய 486 கம்ப்யூட்டரின் மதர்போர்டிலிருந்து கழற்றிய பயோஸ் சிப் ஒன்று சும்மா இருந்தது, அதுவும் ஈப்ரோம்தான். ஆனால் அது பதில் சொல்ல 150 நானோசெக்கன் எடுக்கும், இந்த வேலைக்கு மெதுவு. இதில் இருப்பது 70. அப்படியும் மெஷினில் செருகும் சில கேம் கார்ட்ரிஜ்கள் ஈப்ரோம் பிஎல்ஏவோடு ஒத்துப்போகாது, முகவரி மாறும் கணத்தில் வெளியீடு துள்ளும். அதற்கு ஜிஏஎல் (GAL) என்ற, நாமே லாஜிக்கை எழுதிவைக்கக்கூடிய சிப்பை வைத்துச் செய்வதுதான் சரி, அடுத்த போர்டு அதுதான்.

“உள்ளே ராஸ்பெர்ரி பை வைத்துவிடுங்களேன் அண்ணா” என்று, அந்தக் கையடக்கப் புதுக் கம்ப்யூட்டர் போர்டைச் சொல்லி எழுதுகிறவர்களுக்கு: மாட்டேன். பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு மெஷினை எறிவது எனக்குப் பிடிக்காது.

பேசிக்கொண்டே ஒரு மணித்தியாலம் ஓடிவிட்டது. இருங்கள், ஈப்ரோமில் விரலை வைக்கிறேன்... வெதுவெதுப்பு, அவ்வளவுதான். பழைய சிப்பில் விரல் வைக்கவே முடியாது!