பால் பத்தலையா என்று கேட்பதற்கு முன்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

தலைப்பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்திருக்கும் பெண்களோடும், அவர்களைச் சுற்றி இருப்பவர்களோடும் பேச வந்திருக்கிறேன். ஏற்காட்டு மலையில் நாகலூர், வெள்ளக்கடை பக்கமும், பிறகு சேலம் அம்மாபேட்டைப் பக்கமும் சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். காப்பித் தோட்டத்து லைன் வீடானாலும் தறி ஓடும் வீடானாலும் பிரசவமான முதல் வாரத்தில் காதில் விழும் முதல் பேச்சு ஒன்றுதான்: "பால் பத்தலைங்க நர்சம்மா." பெரும்பாலும் இதைப் பெற்றவள் சொல்வதில்லை. பாட்டி சொல்வார், அத்தை சொல்வார், குழந்தையைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். பெற்றவள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பாள்.

முதல் இரண்டு மூன்று நாள் வருவது சீம்பால். மஞ்சளாக, கெட்டியாக, கொஞ்சமாகத்தான் வரும். பிறந்த அன்று குழந்தை ஒரு வேளைக்குக் குடிப்பதே ஒரு தேக்கரண்டி அளவுதான். அதற்கு அது போதும். மூன்றாம் நாள், நான்காம் நாள்தான் பால் நிறைய ஊறத் தொடங்கும். சிசேரியன் ஆனவர்களுக்கு இன்னும் ஒருநாள் தள்ளிப் போகலாம். இந்த இடைவெளியில்தான் சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எல்லாம் வீட்டுக்குள் நுழைகின்றன. எதுவும் வேண்டாம். தேனை ஒரு வயது முடியும்வரை நாக்கில் தடவக்கூடச் செய்யாதீர்கள். அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பச்சைக்குழந்தையின் குடலில் வளர்ந்து, தசைகளைத் தளரச் செய்யும் விஷத்தை உண்டாக்கும்.

பால் எப்படி ஊறுகிறது என்று வீட்டில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தை சப்பச் சப்ப, தாயின் மூளையிலிருந்து புரோலாக்டின் என்ற ஹார்மோன் வந்து பாலை ஊற வைக்கிறது. இரவில் அது கூடுதலாக வரும் என்பதால் இரவுப் பாலை விடக் கூடாது. ஊறிய பாலை வெளியே தள்ளுவது ஆக்சிடோசின் என்ற இன்னொரு ஹார்மோன். இது மனசோடு சேர்ந்து போவது. குழந்தையின் அழுகைச் சத்தம் கேட்டாலே சில பெண்களுக்கு ரவிக்கை நனைந்துவிடும். பயமும் வலியும் மனக்கஷ்டமும் இருந்தால், பால் இருந்தும் சட்டென்று இறங்காது.

அப்படியிருக்க, "உனக்குப் பாலே இல்லையாட்டம் இருக்குது" என்று நாலு பேர் முன்னால் சொன்னால் என்ன ஆகும்? அவளுக்கு உடம்பு இறுகும். பால் இறங்கத் தாமதமாகும். குழந்தை வீறிட்டு அழும். சொன்னவர், "பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல" என்பார். சாயங்காலமே பால் பவுடர் டப்பா வந்துவிடும். பவுடர் பால் குடித்து வயிறு நிறைந்த குழந்தை மார்பில் சப்பாது. சப்பாததால் பால் நிஜமாகவே குறையும். இல்லாத குறையை நாமே உண்டாக்குகிறோம். எத்தனையோ வீடுகளில் இதைப் பார்த்து மனம் கொதித்திருக்கிறேன்.

சரி, பால் போதுகிறதா என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது? அழுகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஈரத் துணியை எண்ணுங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போனால், முதலில் கருப்பாகப் போன மலம் மஞ்சளாக மாறியிருந்தால், பால் போதுகிறது. எல்லாக் குழந்தையும் பிறந்த எடையில் கொஞ்சம் இழக்கும். பத்தில் ஒரு பங்கு வரைகூடக் குறையலாம். இரண்டு வாரத்துக்குள் அது திரும்பி வந்துவிட வேண்டும். எடை ஏறவில்லை, வேறு பாலும் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், குற்ற உணர்ச்சியே இல்லாமல் கொடுங்கள். அது தாயின் தோல்வி இல்லை.

அம்மாபேட்டையில் ஒரு வீடு. கீழே தறி ஓடிக்கொண்டிருக்கும், மேலே தூளியில் குழந்தை. கரண்ட் போய்த் தறி நின்றால்தான் அது விழிக்கும். அந்தப் பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். முலைக்காம்பு வெடித்திருந்தது. குழந்தை காம்பை மட்டும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. வாய் அகலத் திறக்கும்வரை பொறுத்து, சுற்றியுள்ள கருவளையமும் வாய்க்குள் போகும்படி, மோவாய் மார்பில் படும்படி சேர்த்துப் பிடிக்கச் சொன்னேன். கீழ் உதடு வெளிப்பக்கம் மடிந்தது. கொஞ்ச நேரத்தில் விழுங்கும் சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. அவள் மாமியாரிடம் கொடியில் காயும் துணியை எண்ணச் சொன்னேன். அந்த அம்மா ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். ஒன்பது. "அப்போ குடிக்குதுங்களா?" என்று என்னைக் கேட்காமல் மருமகளைக் கேட்டார். எனக்கு அன்றைக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

சாயங்கால அழுகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வாரத்திலிருந்து அழுகை ஏறும், ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் அடங்கிவிடும். விளக்கு வைக்கும் நேரத்தில் விட்டு விட்டுப் பால் கேட்டுக்கொண்டே இருக்கும். அது இயல்பு. ஆனால் குழந்தை சப்பாமல் துவண்டு கிடந்தாலோ, உடம்பு சுட்டாலோ சில்லிட்டாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சளாக இருந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மலையில் இருப்பவர்கள் வண்டியில் இறங்கும்போது குழந்தையைத் தாயின் நெஞ்சோடு வெற்றுடம்பாக அணைத்து, மேலே போர்த்திக் கொண்டுவாருங்கள். அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வருவதற்குள் குழந்தைக்குக் குளிர் ஏறிவிடும்.

தாய்க்கு வருகிறேன். ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் கொடுக்கிறவளுக்குச் சேர்ந்தாற்போல் தூக்கம் கிடையாது. தண்ணீர் குடித்தால் வயிறு போடும் என்று அவள் தாகத்தை அடக்கி வைக்காதீர்கள். பாலுக்கு நடுவில் குழந்தையை வாங்கிக்கொண்டு அவளைத் தூங்க விடுங்கள். அப்பாக்களும் தோளில் போட்டு ஏப்பம் விட வைக்கலாம், துணி மாற்றலாம், அலசலாம். பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே "அவ தூங்கறா, அப்புறம் வாங்க" என்று சொல்லி அனுப்பினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பிரசவமான மூன்றாம் நாள், நான்காம் நாள் காரணமே இல்லாமல் அழுகை வரும். பல பேருக்கு இரண்டு வாரத்துக்குள் தானாகத் தெளிந்துவிடும். அதற்கு மேலும் நீடித்தால், குழந்தையைத் தூக்கவே பிடிக்கவில்லை என்றால், செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால், அது கொழுப்போ நடிப்போ அல்ல. அது வைத்தியத்தால் தீரும் நோய். கெட்ட நினைப்பு வந்தால் ஒருநாள்கூடக் காத்திருக்காமல் வீட்டில் சொல்லி மருத்துவரிடம் போக வேண்டும். அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-க்கும் பேசலாம்.

ஒன்றரை மாதத்தில் தடுப்பூசிக்கு வருவீர்கள். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்வார்கள். குழந்தையை அம்மாவிடமோ வீட்டுக்காரரிடமோ கொடுத்துவிட்டு, அந்த நேரத்தில் செவிலியரைத் தனியாகக் கூப்பிட்டு உங்களைப் பற்றிப் பேசுங்கள். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, தையல் போட்ட இடம் வலிக்கிறதா, மனசு எப்படி இருக்கிறது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள் கண்ணு. கூட்டத்தில் அவர் மறந்துவிடலாம், நீங்களே ஆரம்பியுங்கள்.

வணக்கம்.