எதில் 75, நடுவர் அவர்களே?

நடுவர் அவர்களே, வெள்ளச் சேதத்துக்கு மாநிலம்தான் பொறுப்பு, டெல்லி தன் பங்கைத் தந்துவிடுகிறது என்பது எதிரணியின் வாதம். அதற்காக எதிரணித் தலைவர் அரசியலமைப்பில் மாநில அதிகாரங்களைச் சொல்லும் மாநிலப் பட்டியலின் 17-ஆவது இனத்தை வாசித்துக் காட்டினார். நீர், வடிகால், கரை எல்லாம் மாநிலத்தின் பாடாம். பாதி ஒப்புக்கொள்கிறேன். நம் பெரிய கண்மாயின் வரத்துக்காலில் சீமைக்கருவேல் மண்டினாலும், மடை துருப்பிடித்துத் திறக்க மறுத்தாலும், உபரிநீர் வெளியேறும் கலுங்கு அடைபட்டுக் கரை உடைந்தாலும் டெல்லியைத் திட்டுவதில் நியாயமில்லை.

ஆனால் 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் சில மணி நேரத்திலேயே 40 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அதை எந்தக் கண்மாயில் தேக்குவது?

'மாநிலப் பேரிடர் நிதியில் 75 விழுக்காட்டை மத்திய அரசுதானே தருகிறது' என்றார் எதிரணித் தலைவர். எதில் 75? மத்திய, மாநில நிதிப் பங்கீட்டைப் பரிந்துரைக்கும் நிதிக்குழு முன்கூட்டியே வரையறுத்த தொகையில். சேதம் எவ்வளவு ஆனாலும் அந்தத் தொகை அதேதான். அதைச் செலவழிக்கும் அளவுகோலும் டெல்லியில் எழுதியது: முழுதாக உடைந்த படகுக்கு 15,000 ரூபாய், வலைக்கு 4,000. பாம்பன் மீனவர்கள் முன்வரிசையில் சிரிக்கிறார்கள், பாருங்கள். அந்தப் பணத்தில் எஞ்சின் கூட வராது! 2023 டிசம்பரில் மாநில அரசு, முழுதும் சேதமான வல்லம் வகைப் படகுக்கு 1 லட்சம் என்று உயர்த்தியது. மிச்சம் 85,000 யார் தலையில்? மாநிலக் கஜானாவின் தலையில்.

அதற்கு மேல் வேண்டுமென்றால் தேசியப் பேரிடர் நிதி. மாநிலம் மனு எழுத வேண்டும், மத்தியக் குழு வர வேண்டும் (அதற்குள் தண்ணீர் வடிந்து சகதியும் காய்ந்திருக்கும்), பிறகு உயர்மட்டக் குழு கூட வேண்டும். மிக்ஜாம் புயலுக்கும் தென் மாவட்ட வெள்ளத்துக்குமாகத் தமிழகம் கேட்டது 37,907 கோடி. அதில் நிரந்தரச் சீரமைப்பும் அடக்கம் என்று எதிரணி சொல்லும். சரி, அதைத் தள்ளிவிடுங்கள். டெல்லியே ஒப்புக்கொண்டது 682 கோடி. கைக்கு வந்ததோ 276 கோடி! நடுவில் என்ன ஆயிற்று? மாநிலப் பேரிடர் நிதியின் தொடக்க இருப்பில் பாதியைக் கழித்துக்கொள்வது விதி. அடுத்த புயலுக்கென்று மிச்சம் பிடித்த மாநிலத்துக்குத்தான் அதிக வெட்டு.

மத்திய வரி வசூலில் மாநிலத்துக்குப் பங்கு உண்டே என்பார்கள். வரிக்கு மேல் டெல்லி கூடுதலாகப் போடும் செஸ், சர்சார்ஜ் இரண்டும் அந்தப் பங்கில் வராது.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். கண்மாயை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். படகுக்கு விலை எழுதுகிறவர் ஒருமுறை பாம்பன் கரையில் விலை விசாரித்துவிட்டு எழுதட்டும்; இருப்பில் பாதியைக் கழிக்கும் விதியை எடுக்கட்டும். 75 பற்றி அப்புறம் பேசுவோம்.