கை உயரும்போது முதுகு செய்யும் வேலை

நேயர்களுக்கு வணக்கம். கேட்டுக்கொண்டிருக்கும் இடத்திலேயே ஒரு சிறு சோதனையைச் செய்து பாருங்கள். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் மட்டும் வீடு சேர்ந்த பிறகு செய்யலாம். வலக்கையை இடது அக்குளுக்குக் கீழே கொண்டுசென்று, விரல்களால் முதுகின் பக்கவாட்டைத் தொடுங்கள். தோள்பட்டை எலும்பின் கீழ் முனை விரலில் தட்டுப்படும். இப்போது இடக்கையை முன்புறமாக மெல்லத் தலைக்கு மேல் உயர்த்துங்கள். அந்த முனை விலா எலும்புகளைச் சுற்றிக்கொண்டு வெளிப்புறமாக வழுக்கிச் செல்வதை உணர்வீர்கள். இன்றைய உரை முழுவதும் அந்த நகர்வைப் பற்றியதுதான்.

தோள்பட்டை எலும்பு உடற்கூட்டோடு எலும்பு வழியாக இணைவது கழுத்தின் அடியில் முன்புறம் தட்டுப்படும் காறை எலும்பு என்னும் ஒரே பாலத்தால்தான். மற்றபடி அது விலாக்கூட்டின் மீது தசைகளால் தாங்கப்பட்டு நிற்கிறது. ஏறக்குறைய 17 தசைகள் அதில் வந்து பற்றுகின்றன. கையை முழுவதுமாக, அதாவது 180 பாகை உயர்த்தும்போது, அதில் சுமார் 120 பாகை தோள் மூட்டிலும், எஞ்சிய 60 பாகை தோள்பட்டை எலும்பின் சுழற்சியாலும் கிடைக்கின்றன என்று 1944-இல் இன்மனும் அவருடைய சக ஆய்வாளர்களும் அளந்து எழுதினார்கள். இந்த இரண்டுக்கு ஒன்று என்னும் விகிதம் ஆளுக்கு ஆள், கை உயரும் கட்டத்துக்குக் கட்டம் மாறுபடும் என்பதைப் பின்வந்த அளவீடுகள் காட்டின. ஆனாலும் அடிப்படை உண்மை மாறவில்லை: தோள்பட்டை எலும்பு சுழலாவிட்டால் கை தலைக்கு மேல் தடையின்றிப் போகாது.

அந்தச் சுழற்சியில் பெரும்பங்கு வகிப்பது சரிவகத் தசை. டிரபீசியஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். பிடரியில் தொடங்கி முதுகின் நடுப்பகுதிக்கும் கீழே வரை, பட்டம் போல் விரிந்து கிடக்கும் அகன்ற தசை இது. இதன் மேல் இழைகளை எல்லோரும் அறிவோம். நெடுநேரம் கணினி முன் அமர்ந்தால் கழுத்தோரம் கல்லாக இறுகி நிற்பவை அவைதான். கீழ் இழைகளோ மார்பு முள்ளெலும்புகளில் ஏறத்தாழ நான்காவதிலிருந்து பன்னிரண்டாவது வரை தோன்றி, சாய்வாக மேல்நோக்கி ஏறி, தோள்பட்டை எலும்பின் குறுக்கு மேட்டின் உள்முனையைப் பற்றுகின்றன. வலியும் இல்லை, கண்ணாடியில் தெரிவதும் இல்லை என்பதால் இவற்றை யாரும் நினைப்பதில்லை.

ஸ்டீயரிங் சக்கரத்தை இரு கைகளாலும் திருப்புவதை எண்ணிப் பாருங்கள். ஒரு கை மேலே தள்ள, மறு கை கீழே இழுக்க, சக்கரம் இடம் பெயராமல் சுழல்கிறது. மேல் இழைகள் காறை எலும்பின் வெளிமுனையைத் தூக்க, கீழ் இழைகள் தோள்பட்டை எலும்பின் உள்முனையைக் கீழே பிடித்து நிறுத்த, விலாவோரத்தில் உள்ள ரம்பத் தசை கீழ் முனையை வெளியே இழுக்க, மூன்றும் சேர்ந்துதான் எலும்பைச் சுழற்றுகின்றன. கீழ் இழைகள் தாமதமாகவோ சோர்வாகவோ வேலை செய்தால், மேல் இழைகள் தனியாக இழுக்கும். தோள் சுழலுவதற்குப் பதிலாகக் காதை நோக்கி ஏறும். தோள் வலியோடு வருபவர்கள் பலரிடம் நான் முதலில் காண்பது இந்த ஏற்றத்தைத்தான். ஆனால் வலியே இல்லாதவர்களிலும் இரு பக்கத் தோள்பட்டைகள் சற்று வேறுபட்டு நகர்வது உண்டு. அதை நோய் என்று எண்ணி அஞ்ச வேண்டியதில்லை.

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்பும் ஒன்று உண்டு. கீழ்ச் சரிவகத் தசையை வலுப்படுத்த வேண்டும் என்றதும், "தோள்களைப் பின்னால் இழுத்துக் கீழே அழுத்தி வையுங்கள்" என்றுதான் பெரும்பாலான இடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். தொழிலின் தொடக்க ஆண்டுகளில் நானும் அப்படியே சொல்லிக்கொடுத்தேன். கைகள் தொங்கிக்கொண்டிருக்கும்போது அதில் பெரிய கேடு இல்லை. ஆனால் கையை உயர்த்தும்போதும் தோள்பட்டைகளை நெருக்கிப் பிடித்திருந்தால், முதுகெலும்புக்கும் தோள்பட்டைக்கும் இடையிலுள்ள சாய்சதுரத் தசைகள் எலும்பை எதிர்த்திசையில் திருப்பும். மேல்நோக்கிச் சுழல வேண்டிய எலும்பு பூட்டப்பட்டுவிடும். தோள்பட்டையை ஓரிடத்தில் ஆணியடித்து நிறுத்துவது நம் நோக்கம் அன்று. கை ஏற ஏற அது தானாக வழுக்கிச் சுழல வேண்டும். அந்த ஓட்டத்தைக் கீழ் இழைகள் வழிநடத்த வேண்டும்.

பயிற்சியைப் படுத்த நிலையில் தொடங்குவது நல்லது. கையின் எடை நம் உடல் எடையில் ஏறக்குறைய 5 விழுக்காடு. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு கையே 3 கிலோ. ஆகவே தொடக்கத்தில் கையில் எந்தப் பளுவும் தேவையில்லை. வலியில்லாத பக்கம் கீழே இருக்குமாறு ஒருக்களித்துப் படுங்கள். மேலிருக்கும் கையின் முழங்கையை 90 பாகை மடக்கி, அதற்கும் விலாவுக்கும் இடையில் சுருட்டிய துண்டு ஒன்றை வையுங்கள். முழங்கை துண்டை விட்டு விலகாமல், முன்கையை மட்டும் கூரையை நோக்கித் திருப்பி, மெதுவாக இறக்குங்கள். பார்ப்பதற்கு மிக எளிய அசைவு. ஆனால் 2007-இல் ஆன் கூல்ஸ் என்னும் பெல்ஜிய ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 12 பயிற்சிகளை ஒப்பிட்டபோது, மேல் இழைகளை அதிகம் தூண்டாமல் கீழ் இழைகளை வேலை வாங்கும் பயிற்சிகளில் ஒன்றாக இதைக் கண்டார்கள். இரண்டு வாரங்களில் இது எளிதாகிவிட்டால், அரைக் கிலோ பளுவைச் சேர்க்கலாம்.

அடுத்த பயிற்சி சற்றுக் கடினமானது. ஆங்கில ஒய் எழுத்தின் வடிவில் கைகளை நீட்டிச் செய்வது. குப்புறப் படுத்து, நெற்றியை மடித்த துண்டின்மீது வையுங்கள். தலை இருக்கும் திசையைக் கடிகாரத்தின் 12 என்று கொண்டால், வலக்கை ஒன்றரை மணியையும் இடக்கை பத்தரை மணியையும் காட்டட்டும். கீழ் இழைகள் ஓடும் சாய்வும் ஏறக்குறைய இதே கோடுதான். கட்டை விரல் கூரையை நோக்கியிருக்க, கையைத் தரையிலிருந்து இரண்டு விரற்கடை உயர்த்தி, மூன்று முதல் ஐந்து விநாடிகள் நிறுத்தி இறக்குங்கள். எவ்வளவு உயரம் தூக்கினோம் என்பது முக்கியமன்று. இடுப்பை வளைத்து உயரத்தைக் கூட்டினால் வேலை முதுகின் அடிப்பகுதிக்குப் போய்விடும். தோள்பட்டையின் உட்புறத்திற்குக் கீழே, முதுகெலும்பின் ஓரமாக, ஓர் இறுக்கம் தோன்றினால் சரியான இடத்தில் வேலை நடக்கிறது. இறுக்கம் கழுத்தில் மட்டும் தோன்றினால், கைகளைக் கீழே இறக்கி, மூன்று மணிக்கும் ஒன்பது மணிக்கும் கொண்டுவந்து செய்யுங்கள். இந்த ஒய் வடிவப் பயிற்சி கீழ் இழைகளை மிக வலுவாகச் சுருங்கச் செய்கிறது என்பதை, தசையில் எழும் மின் துடிப்பைப் பதிவுசெய்யும் அளவீடுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அதே வேளையில் மேல் இழைகளையும் அது கணிசமாகத் தூண்டும். அதனால்தான் முதல் நாளிலேயே இதைக் கொடுக்க நான் தயங்குகிறேன்.

படுத்துப் பெற்ற வலுவை நின்ற நிலைக்குக் கொண்டுவர ஒரு சுவர் போதும். முன்கைகள் இரண்டையும் சுவரில் பதித்து, மூச்சை விட்டுக்கொண்டே, மேல்நோக்கிச் சாய்வாக வழுக்குங்கள். உச்சியை அடைந்ததும் கைகளைச் சுவரிலிருந்து ஒரு விரற்கடை விலக்கி, ஓரிரு விநாடி நிறுத்துங்கள். ரம்பத் தசையும் கீழ் இழைகளும் இங்கே கூட்டாக இயங்குகின்றன. தோள் இயல்பாக ஏறட்டும். அதை அடக்க வேண்டாம், கழுத்து இறுகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மேல்முதுகு கூன்போல விறைத்திருப்பவர்கள், சுருட்டிய துண்டை மேல்முதுகின் குறுக்கே வைத்து இரண்டு நிமிடம் மல்லாந்து படுத்த பிறகு இதைச் செய்தால் கை இன்னும் எளிதாக ஏறும்.

ஒவ்வொன்றையும் 8 முதல் 12 முறை, இரண்டு அல்லது மூன்று சுற்றுகள், வாரத்தில் மூன்று நாட்கள் செய்யலாம். முதல் சில வாரங்களில் தசை பருப்பதில்லை. நரம்புகள்தான் அந்தத் தசையை நேரத்தில் அழைக்கக் கற்றுக்கொள்கின்றன. ஆகவே வேகமாகச் செய்யும் இருபதைவிட நிதானமாகச் செய்யும் எட்டு மேல். குறைந்தது ஆறு வாரங்களாவது பொறுத்திருங்கள். பயிற்சிக்குப் பின் இலேசான வலி தோன்றி மறுநாளைக்குள் அடங்கிவிட்டால் தொடரலாம். குத்தும் வலி எழுந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

சிலர் இந்தப் பயிற்சிகளைத் தாமாகத் தொடங்கவே கூடாது. கீழே விழுந்த பின் கை தூக்க முடியாதவர்கள், இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் வலி உள்ளவர்கள், கையில் மரத்துப்போன உணர்வு உள்ளவர்கள் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இடது தோள் வலியோடு நெஞ்சில் இறுக்கமோ மூச்சுத் திணறலோ சேர்ந்தால் அது அவசரச் சிகிச்சைக்கு உரியது. சரிவகத் தசையை இயக்கும் பதினொன்றாவது கபால நரம்பு கழுத்தின் பக்கவாட்டில் தோலுக்கு மிக அருகே ஓடுகிறது. கழுத்தில் நிணநீர்க் கட்டியை அகற்றிய பிறகு ஒரு பக்கத் தோள் தொங்கி, கையைப் பக்கவாட்டில் உயர்த்த முடியாமல் போனால், அந்த நரம்பு காயப்பட்டிருக்கக்கூடும். அதைத் தசைச் சோர்வு என்று எண்ணிப் பயிற்சி செய்துகொண்டே மாதங்களைக் கடத்திவிடாதீர்கள். நரம்பைச் சீரமைக்கும் சிகிச்சை எவ்வளவு விரைவில் தொடங்குகிறதோ அவ்வளவுக்குப் பலன் கூடும். அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவரிடம் உடனே சென்று, கை எந்த உயரத்தில் நின்றுவிடுகிறது என்பதைச் செய்தே காட்டுங்கள்.

வணக்கம்.